விதைக்குள் நடப்பது சண்டைதானா?

விதைகளைப் பற்றி இப்போது இணையத்தில் எதைத் தேடினாலும் ஒரு வாக்கியம் வந்து முன்னால் நிற்கிறது: "ஒவ்வொரு விதைக்குள்ளும் அப்பாவின் மரபணுக்களும் அம்மாவின் மரபணுக்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன." காணொளிகளிலும் வருகிறது, கல்லூரிப் பாடக் குறிப்புகளிலும் வருகிறது. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையிலேயே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கு. கதை என்றால் சண்டை வேணும் இல்லையா. ஆனால் நெல்லுக்கும் சாமைக்கும் இந்தக் கதை எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று யாரும் நின்று கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைக் கேட்கத்தான்.

எழுதத் தூண்டியது பெங்களூரு என்சிபிஎஸ் நிறுவனத்திலிருந்து 2024-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு. அவிக் குமார் பால் முதல் ஆசிரியர், பி.வி. சிவபிரசாத்தின் ஆய்வகம். நெல் விதையில் மரபணு முத்திரை எப்படி இயங்குகிறது என்பதற்கு இந்திய ஆய்வகம் ஒன்று செய்திருக்கும் முக்கியமான பங்களிப்பு அது. அதைப் பாராட்டவும் வேணும், சில இடங்களில் சட்டையைப் பிடித்து இழுக்கவும் வேணும். அதுக்கு முன்னால் அடிப்படை.

நான் கணினிக்காரன். தாவரவியல் பட்டம் கிடையாது. அதனால் எனக்குப் புரிந்த வரிசையிலேயே சொல்றேன்.

இட்லியிலிருந்து தொடங்கலாம். அதில் அரிசி இருக்கு, உளுந்து இருக்கு. உளுந்தில் நாம் தின்பது கருவின் வித்திலைகள், அதாவது குட்டிச் செடியின் உடம்பு. அரிசியில் தின்பது குட்டிச் செடியை அல்ல. அதற்குப் பக்கத்தில் அதற்காகவே உண்டான சோற்று மூட்டையை. பாடப்புத்தகம் அதைக் கருவூண் என்கிறது. பழைய புத்தகங்களில் முளைசூழ்தசை. உளுந்திலும் ஆரம்பத்தில் கருவூண் உண்டு, விதை முற்றும் முன்பே கரு அதைத் தின்று தீர்த்துவிடும். நெல், சாமை, கேழ்வரகு, சோளம் இவற்றில் அது கடைசி வரை நிற்கிறது. தேங்காயில் நாம் சுரண்டும் பருப்பும் குடிக்கும் இளநீரும் கருவூண்தான்.

இந்த மூட்டை எப்படி உண்டாகிறது என்பதை 1898-ல் கீவ் நகரில் செர்கெய் நவாஷின் கண்டார். மகரந்தக் குழாய் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டு வருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் மையச் செல்லோடு சேர்கிறது. அந்த மையச் செல்லில் ஏற்கெனவே இரண்டு உட்கருக்கள் இருக்கு, இரண்டும் தாயுடையவை. ஆக கருவூணில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. விதைத் தோல் முழுக்கத் தாயின் உடம்பு.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். நம் மொழியில் வித்து என்றால் அப்பா, நிலம் என்றால் அம்மா. விதைத்தவன் ஆண், வாங்கிக்கொண்டது பெண். இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல, வடமொழியில் பீஜம், க்ஷேத்திரம் என்று சொல்லிச் சொத்துரிமை வரைக்கும் கொண்டுபோனார்கள். தாவரவியல்படி பார்த்தால் கையில் இருக்கும் ஒரு நெல்லில் தந்தையின் பங்கு ரொம்பக் குறைவு. உமி தாய்ச்செடி, அதற்குள் தவிட்டின் வெளியடுக்கு தாய்ச்செடி, அரிசி மூன்றில் இரண்டு தாய். தந்தை சரிபாதியாக இருப்பது மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கருவில் மட்டும்தான்.

இனி முத்திரை. சாதாரணமாக ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் இருந்தால், எது யாரிடமிருந்து வந்தது என்பதைச் செல் பொருட்படுத்தாது. கருவூணில் சில மரபணுக்கள் மட்டும் பொருட்படுத்துகின்றன. தாயிடமிருந்து வந்த பிரதி மட்டும் பேசும், தந்தையுடையது வாயை மூடிக்கொண்டிருக்கும். சிலவற்றில் தலைகீழ். டிஎன்ஏ எழுத்துகள் இரண்டு பிரதியிலும் ஒன்றேதான். வந்த வழிதான் வேறு.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது மக்காச்சோளம். 1970-ல் ஜெர்ரி கெர்மிகிள், மணிக்கு நிறம் கொடுக்கும் ஆர் என்ற மரபணுவை எடுத்துக்கொண்டார். அது தாய் வழியில் வந்தால் மணி முழுக்க அடர் நிறம். தந்தை வழியில் வந்தால் திட்டுத் திட்டாக. "தாய் வழியில் இரண்டு பிரதி வருது, தந்தை வழியில் ஒன்றுதானே, அளவு குறைவதால் திட்டாகியிருக்கும்" என்று யாருக்கும் தோன்றும். கெர்மிகிளுக்கும் தோன்றியது. குரோமோசோம் துண்டு இடம் மாறிய சோளச் செடிகளை வைத்து, தந்தை வழியிலேயே இரண்டு பிரதி வரும்படி செய்தார். அப்பவும் திட்டுத்தான். அளவு காரணமில்லை, வழிதான் காரணம். இந்தத் துறையில் நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த சோதனை இதுதான். மறுப்பை எதிராளி சொல்லும் முன் தானே சொல்லி, தானே சோதித்துவிட்டார்.

முத்திரை என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துவிட்டோம். முத்திரை என்றதும் யாரோ ஒருவர் ஒரு பிரதியின்மேல் அச்சுக் குத்துகிற படம் மனசில் வருகிறது. தேர்தல் மையை நினைத்துக்கொள்ளுங்கள்: விரல் மாறவில்லை, விரலில் ஒரு குறி, கொஞ்ச நாளில் போய்விடும், அடுத்த தேர்தலில் மறுபடி. எலிக்கும் மனிதனுக்கும் இந்த உவமை ஓரளவு சரி. தாவரத்தில் பல மரபணுக்களுக்கு நடப்பது தலைகீழ். எல்லார் விரலிலும் முன்னாடியே மை இருக்கு. அதாவது இரண்டு பிரதியும் மீத்தைல் குறியால் பூட்டிக் கிடக்கின்றன, அதுதான் செடி முழுக்க வழக்கமான நிலை. கருவுறுவதற்கு முன் மையச் செல்லில் ஒரு நொதி வந்து தாயின் பிரதியிலிருந்து மையைத் துடைக்கிறது. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகக் களைச்செடியில் அந்த நொதியின் பெயர் டிமீட்டர். நெல்லில் அந்த வேலையைச் செய்வது ஆர்ஓஎஸ்1ஏ. தந்தை பக்கம் துடைக்க ஆளில்லை, பூட்டு அப்படியே. ஆக நாம் முத்திரை என்று சொல்வது பெரும்பாலும் துடைத்த இடம். கருவூண் அடுத்த தலைமுறைக்குப் போவதும் இல்லை, குட்டிக்குச் சோறு போட்டுவிட்டு முடிந்துபோகும். திரும்ப மை வைக்கிற கவலையே அதுக்குக் கிடையாது.

சொல் மாற வேண்டும் என்று சொல்லவில்லை, பழகிவிட்டது. ஆனால் கட்டுரைகளில் "தந்தை வழி முத்திரை" என்று வந்தால் கவனமாகப் படிக்கணும். சிலர் அதைத் தந்தையின் பிரதி மௌனம் என்ற பொருளில் எழுதுகிறார்கள், படிக்கிறவர் தந்தையின் பிரதி பேசுகிறது என்று எடுத்துக்கொள்கிறார். என்சிபிஎஸ் கட்டுரையின் சுருக்கத்திலும் இந்தத் தொடர் வருகிறது. அங்கே பொருள், தந்தையின் பிரதி மௌனம். "தாய்ப்பிரதி பேசும் மரபணு" என்று நேராகச் சொன்னால் குழப்பமே இல்லை.

சரி, சண்டைக்கு வருவோம். 1989-ல் சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹேக், மார்க் வெஸ்ட்பி இருவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு தாய்ச்செடியில் நூறு விதை இருக்கு என்று வையுங்கள். நூறுக்கும் தாய் ஒன்றே, தந்தைகள் பலர். காற்றிலும் பூச்சியிலும் எங்கெங்கிருந்தோ வந்த மகரந்தம். தாயின் பார்வையில் நூறும் பிள்ளைகள், எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்தால் போதும். ஒரு விதையிலிருக்கும் தந்தையின் மரபணுவுக்குப் பக்கத்து விதைகள் யாரோ. தன் விதை அதிகம் உறிஞ்சினால் அதுக்கு லாபம். அதனால் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களில் தந்தையின் பிரதி பேசும்படியும், அடக்கும் மரபணுக்களில் தாயின் பிரதி பேசும்படியும் இயற்கைத் தேர்வு தள்ளும். இதுதான் உறவுக் கோட்பாடு. சண்டை என்ற சொல் இதன் செல்லப் பெயர்.

நல்ல கோட்பாடுதான். இதை மட்டம் தட்டிப் பேசுவது நியாயமில்லை, ஏனென்றால் அது முன்கூட்டிச் சொன்னது பல இடங்களில் நடந்திருக்கு. தாய்ப் பங்கு கூடினால் விதை சிறுக்கணும், தந்தைப் பங்கு கூடினால் கருவூண் அடங்காமல் வளரணும். 1998-ல் ராட் ஸ்காட் குழு அராபிடாப்சிஸில் குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றிக் கலந்தபோது அப்படியேதான் வந்தது. அதுக்கு முன்னாலேயே 1984-ல் பி.ஒய். லின், மக்காச்சோளத்தில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் குலைந்தால் மணி உருப்படாது என்று காட்டியிருந்தார்.

இதை நம் ஊர்ச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். விதையில்லாத தர்ப்பூசணி என்று விற்கிறார்களே, அந்தப் பழத்துக்கான விதையை உண்டாக்க நான்மடியச் செடியைத் தாயாகவும் சாதாரண இருமடியச் செடியைத் தந்தையாகவும் வைத்துத்தான் கலக்கணும். மாற்றிக் கலந்தால் நல்ல விதை கிடைக்காது. கருவைப் பார்த்தால் இரண்டு கலப்பிலும் மும்மடியம்தான், வித்தியாசமே இல்லை. வித்தியாசம் சோற்று மூட்டையில். முதல் கலப்பில் தாய்க்கும் தந்தைக்கும் நாலுக்கு ஒன்று, மாற்றினால் இரண்டுக்கு இரண்டு. தந்தை மிஞ்சிய மூட்டை கெட்டுப்போகிறது. 1951-ல் ஜப்பானின் ஹிட்டோஷி கிஹாரா இந்தத் தர்ப்பூசணியைப் பற்றி எழுதியபோது முத்திரை என்ற பேச்சே விதையுலகில் கிடையாது.

2005-ல் யானிவ் பிராண்ட்வைனும் ஹேக்கும் இன்னொரு படி போனார்கள். அயல் மகரந்தத்தால் விதை பிடிக்கும் இனத்தில் சண்டை தீவிரமாக இருக்கும், தன் மகரந்தத்தாலேயே பிடிக்கும் இனத்தில் தளர்ந்துவிடும். ஆகவே இரண்டையும் கலந்தால், குரோமோசோம் எண்ணிக்கை சமமாக இருந்தாலும், அயல் சேர்க்கை இனம் கூடுதல் பலத்தோடு நடந்துகொள்ளும் என்றார்கள். கடுகுக் குடும்பத்தின் கேப்செல்லா இனங்களில் அப்படி நடப்பது பின்னாடி தெரியவந்தது. ஒரு கோட்பாட்டிடம் இதைவிட என்ன கேட்க முடியும்.

என் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்குது. தன் மகரந்தச் சேர்க்கையில் சண்டை தளரும் என்று கோட்பாட்டின் ஆசிரியரே சொல்கிறார். நெல் யார்? பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே விதை பிடிப்பது. பயிரிடும் நெல்லில் அயல் சேர்க்கை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். ஒடுகத்தூரிலிருந்து மலையேறினால் பீஞ்சமந்தைப் பக்கம் விளையும் சாமையும் அப்படித்தான், பூ கொஞ்ச நேரம் திறந்து மூடுவதற்குள் வேலை முடிந்துவிடும். தாயும் தந்தையும் ஒரே செடி. ஒரே ஆள் தனக்குத்தானே என்ன சண்டை போடுவது?

ஆனாலும் நெல்லில் முத்திரை இருக்கு, கொஞ்சநஞ்சம் இல்லை. 2011-ல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ-வில் மிங் லுவோ குழு கருவூணில் 262 இடங்களைப் பட்டியலிட்டது. கருவில் மூன்றே மூன்று. "காட்டு நெல்லில் அயல் சேர்க்கை அதிகம், அந்தக் காலத்துச் சண்டையின் மிச்சம் இது" என்று கோட்பாட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். இருக்கலாம். நெல்லை மனிதன் வீட்டுக்குக் கொண்டுவந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான், பரிணாமக் கணக்கில் அது சின்னக் காலம். ஆனால் அப்படியானால் நெல்லின் முத்திரைப் பட்டியலும் மக்காச்சோளத்தின் பட்டியலும் நல்ல அளவில் ஒத்துப்போக வேண்டாமா? பொது மூதாதையின் சண்டைக்களம் அல்லவா? ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் பொதுவாகக் கண்டது கொஞ்சமே. மற்றவை அந்தந்த இனத்தில் தனித்தனியாக வந்தவை, சில ஒரே இனத்தின் இரண்டு ரகங்களுக்குள்ளேயே வேறுபடுகின்றன.

இன்னொரு விளக்கம் கொஞ்சம் சலிப்பானது, அதனால்தான் காணொளிகளில் வருவதில்லை. டிஎன்ஏ-வில் தாவும் துண்டுகள் ஏராளம் உண்டு. தன்னைத்தானே நகலெடுத்து வேறு இடத்தில் போய் உட்காரும் குப்பை. செடி அவற்றை மீத்தைல் வைத்துப் பூட்டி வைக்கிறது. ஒரு துண்டு ஏதோ ஒரு மரபணுவின் வாசலில் வந்து உட்கார்ந்தால் பூட்டு அந்த மரபணுவுக்கும் சேர்த்து விழும். மையச் செல் பூட்டுகளைத் துடைக்கும்போது தாயின் பிரதி திறக்கும், தந்தையுடையது மூடியே இருக்கும். முடிந்தது, முத்திரை பெற்ற புது மரபணு ஒன்று தயார். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. 2009-ல் மேரி கெரிங் குழுவும் இன்னொரு குழுவும் சயன்ஸ் இதழில் ஒரே நேரத்தில் வெளியிட்ட அராபிடாப்சிஸ் ஆய்வுகள் இந்தப் பக்கம்தான் கை காட்டின. இப்படித் தற்செயலாக உண்டானவற்றில் ஒரு சில பயன்பட்டுத் தங்கியிருக்கலாம், மற்றவை சும்மா இருக்கின்றன. மென்பொருளில் இது தினசரி: யாரோ எதற்கோ போட்ட ஒரு வரியால் வேறொரு இடத்தில் ஒரு நடத்தை உண்டாகும், பத்து வருஷம் கழித்து வரும் புதியவர் அதற்கு ஆழமான வடிவமைப்புக் காரணம் தேடுவார்.

262 என்ற எண்ணையும் அப்படியே விழுங்க முடியாது. இந்தப் பட்டியல்கள் எப்படி வருகின்றன என்று பார்க்கணும். தாயின் பிரதி, தந்தையின் பிரதி என்று பிரித்தறிய இரண்டிலும் எழுத்து வித்தியாசம் இருக்கணும். ஆகவே இரண்டு வெவ்வேறு ரகங்களை எடுத்து, இப்படியும் அப்படியும் மாற்றிக் கலந்து, கருவூணைப் பிரித்தெடுத்து, ஆர்என்ஏ-வை வாசித்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறார்கள். இதில் இரண்டு ஓட்டை.

ஒன்று, கலப்படம். கருவூணை உரிக்கும்போது விதைத் தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால், அது முழுக்கத் தாயுடையது. தோலில் மட்டும் பேசும் மரபணுகூடத் தாய்ப்பிரதி பேசும் மரபணுவாகப் பட்டியலில் ஏறிவிடும். 2017-ல் மைக்கேல் ஷோன், மைக்கேல் நோடின் இருவரும் அராபிடாப்சிஸ் தரவுகளை மறுபடி அலசி, இந்தக் கலப்படம் பரவலாக இருக்கிறது என்று காட்டினார்கள். இந்தப் பிழை ஒரு பக்கம் மட்டும்தான் சாயும் என்பதைக் கவனியுங்கள். தந்தையின் திசு எதுவும் விதையைச் சுற்றி இல்லை. அதனால் தந்தைப்பிரதி பேசும் மரபணுப் பட்டியல் என்றால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை கூடுதல், தாய்ப்பிரதிப் பட்டியல் என்றால் ஒரு சிட்டிகை உப்போடுதான்.

இரண்டாவது ஓட்டையைப் பற்றி அதிகம் பேச்சில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுது. வயலில் ஒரே ரகம் நட்டால் ஒவ்வொரு நெல்லும் தனக்குத்தானே பிறந்தது. இரண்டு பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அங்கே முத்திரை இருக்கிறதா என்று இந்த முறையால் பார்க்கவே முடியாது. தன் சேர்க்கைப் பயிரின் முத்திரை என்று நாம் படிப்பதெல்லாம், அந்தப் பயிர் இயல்பில் அபூர்வமாகவே செய்யும் ஒரு காரியத்தைச் செய்ய வைத்து, அந்தக் கலப்பு விதையில் பார்த்தது. ஜப்பானிகா, இண்டிகா போல தூரத்து ரகங்களைக் கலந்தால் பூட்டு எந்திரமே கொஞ்சம் தடுமாறும் என்பதும் தெரிந்த விஷயம். வயலில் விளையும் சாதாரண நெல்லில் அதே 262-ம் அப்படியேதான் நடக்கிறது என்று சொல்ல வேறு வகைச் சான்று வேணும். மீத்தைல் குறியை நேரடியாகப் பார்ப்பது ஒரு வழி.

இந்த இடத்தில்தான் என்சிபிஎஸ் ஆய்வு எனக்கு உயர்வாகத் தெரியுது. அவர்கள் இன்னொரு பட்டியல் போடவில்லை. பூட்டு போடும் எந்திரத்துக்குள் இறங்கினார்கள். தாவரங்களில் குட்டி ஆர்என்ஏ-க்கள் வழிகாட்டியாகப் போய், எங்கே மீத்தைல் வைக்கணும் என்று காட்டுகின்றன. அந்தக் குட்டி ஆர்என்ஏ-க்களைத் தயாரிக்கும் எந்திரத்தைச் சரியான இடத்துக்கு அழைத்து வருவது கிளாசி என்ற புரதக் குடும்பம். நெல்லின் கிளாசி-3 பெரும்பாலும் கருவூணில் மட்டும் இயங்குகிறது, அதைக் குலைத்தால் கருவூண் வளர்ச்சி கெடுகிறது, குட்டி ஆர்என்ஏ-க்களில் சுமார் 70 சதவீதம் காணாமல் போகிறது என்று காட்டினார்கள். பூக்கும் தாவரங்கள் பலவற்றில் பொதுவாக இருக்கும் சைரன் என்ற கருவூண் குட்டி ஆர்என்ஏ-க்களும் இதை நம்பித்தான் இருக்கின்றன. எல்லாத்துக்கும் மேல், கிளாசி-3 மரபணுவே தாய்ப்பிரதி மட்டும் பேசும் வகை. அதன் வாசலில் வரிசையாகத் தாவும் துண்டுகள், அவற்றின்மேல் பூட்டு. முத்திரையை நடத்தும் அதிகாரியே முத்திரைக்கு உட்பட்டவர்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இது சண்டைக் கதையைவிடத் தாவும் துண்டுக் கதைக்கே அதிகம் வலு சேர்க்கிறது என்பதுதான். ஆனால் கட்டுரை அந்தப் பக்கம் முழுசாகப் போகவில்லை. முதல் வரியிலேயே கருவூணை நச்சுக்கொடியோடு ஒப்பிட்டுவிட்டு நகர்கிறது. இந்த ஒப்பீடு துறை முழுக்கப் புழங்குவது, இவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நச்சுக்கொடி பிரசவம் வரை தாயிடமிருந்து வாங்கிப் பிள்ளைக்குத் தரும் குழாய். நெல்லின் கருவூண் வாங்கி, சேர்த்து வைத்து, தாய் காய்ந்து வைக்கோலான பிறகு, மாதங்கள் கழித்து ஈரம் பட்டதும் தரும் குதிர். குழாயில் சண்டைக்கு இடமுண்டு. குதிரின் வேலை இன்னும் பல.

இழுத்துப் பிடிக்க வேண்டிய இடம் வேறு. கிளாசி-3 போனால் 70 சதவீதக் குட்டி ஆர்என்ஏ போகிறது, பல முத்திரை மரபணுக்கள் நிலை மாறுகின்றன, கருவூண் கெடுகிறது. மூன்றும் உண்மை. இதிலிருந்து, முத்திரை கலைந்ததால்தான் கருவூண் கெட்டது என்று வருமா? வராது. எங்கள் வேலையில், ஒரு பெரிய பொது நூலகத்தை நீக்கினால் ஐந்நூறு சோதனைகள் தோற்கும். அதில் எந்தத் தோல்வி வாடிக்கையாளரின் பிரச்சினைக்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேடணும். அராபிடாப்சிஸில் அப்படித் தேடியவர்கள் உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் கிளாடியா கோலரின் குழு, தந்தைப் பங்கு மிஞ்சியதால் செத்துப்போகும் விதைகளில் அட்மிட்டோஸ் என்ற ஒரே ஒரு தந்தைப்பிரதி மரபணுவை நீக்கியது. விதைகள் பிழைத்தன. 2013-ல் வந்தது. ஒரு மரபணு, ஒரு மாற்றம், ஒரு விளைவு. நெல்லில் கிளாசி-3-க்குக் கீழே இருக்கும் மரபணுக்களில் எது அந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. என்சிபிஎஸ் கட்டுரையின் சுருக்கம் தன் சொற்களில் நிதானமாகவே இருக்கு. கிளாசி-3-யின் முத்திரை நிலையைக்கூட "பெரும்பாலும் இருக்கலாம்" என்றுதான் சொல்கிறது. இப்படிப்பட்ட கட்டுரைகளை வைத்து "நெல் மகசூலைக் கூட்டும் மரபணு கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வைக்கிறவர்களிடம்தான் அந்த நிதானம் இருப்பதில்லை.

இதெல்லாம் யாருக்கு? ஒடுகத்தூர் சந்தைப் பக்கம் விதைக்கடை வாசலில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இந்தப் பாக்கெட் வெதைய வருஷா வருஷம் வாங்கணும்னு இருக்கே, வெளைஞ்சதுலயே நல்லதா எடுத்து வச்சா என்னவாம்?" சட்டம் அவரைத் தடுக்கவில்லை. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிமை தருகிறது. தடை மரபியலில் இருக்கு. கலப்பின விதையை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறையில் சீட்டுக் கட்டு கலைகிற மாதிரி கலைந்துவிடும், ஒன்று போல ஒன்று வராது. "சாமைய நாங்க அப்புடியா வாங்கறோம், பானையில இருந்து எடுத்துப் போடறோம்" என்றார். சாமை தன் சேர்க்கை, அதனால் அது முடிகிறது ஐயா என்றேன். அவர் திருப்தியானதாகத் தெரியவில்லை.

அவர் கேட்டதற்குப் பதில் தேடும் ஆய்வு, முத்திரை ஆய்வின் பக்கத்து வீட்டில் நடக்கிறது. நெல்லில் பேபி பூம்-1 என்ற மரபணு, கருவுற்ற உடனே தந்தையின் பிரதியிலிருந்து முதலில் பேசுகிறது. கரு வளரத் தொடங்கலாம் என்ற சைகை அதுதான். 2019-ல் இம்தியாஸ் கான்டே, வெங்கடேசன் சுந்தரேசன் முதலியோர் நேச்சர் இதழில் ஒரு காரியம் செய்து காட்டினார்கள். அந்த மரபணுவை முட்டைச் செல்லிலேயே பேச வைத்தால், தந்தை இல்லாமல் கரு உருவாகிறது. கூடவே, குரோமோசோம் கலைந்து பாதியாவதைத் தடுக்கும் மூன்று மரபணு மாற்றங்களையும் சேர்த்தால், விதைக்குள் தாயின் அச்சு அசலான நகல். 2022-ல் பிரான்சின் வெர்னே குழு ஒரு வணிகக் கலப்பின நெல்லில் இதை 95 சதவீதத்துக்கு மேல் நகல் விதை வரும் அளவுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கும் இதில் பழைய பங்கு உண்டு: ஹைதராபாத் சிசிஎம்பி-யில் இம்ரான் சித்திகியின் ஆய்வகத்திலிருந்து ரவி, மாரிமுத்து ஆகியோர் 2008-லேயே அராபிடாப்சிஸில், குரோமோசோம் பாதியாகாத முட்டை உண்டாவதைக் காட்டினார்கள். 2011-ல் மாரிமுத்துவை முதல் ஆசிரியராகக் கொண்டு சயன்ஸ் இதழில் நகல் விதை ஆய்வு வந்தது.

சோற்று மூட்டையின் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது. இந்த நகல் விதையில் கருவுக்குத் தந்தை தேவையில்லை, கருவூணுக்குத் தேவை. மகரந்தம் வந்து மையச் செல்லோடு சேர்ந்தே ஆகணும். குரோமோசோம் பாதியாகாததால் மையச் செல்லில் தாயின் பங்கு நாலு, ஆனால் அதே காரணத்தால் மகரந்தத்திலும் இரண்டு. நாலுக்கு இரண்டு. பழைய இரண்டுக்கு ஒன்றேதான். விகிதம் குலையாததால்தான் அரிசி நிறைந்த நெல் கிடைக்கிறது. முட்டையில் மட்டும் பாதியாவதைத் தடுத்து, மகரந்தத்தைச் சாதாரணமாக விட்டிருந்தால் நாலுக்கு ஒன்று ஆகியிருக்கும். மக்காச்சோளத்தில் லின் பார்த்த சுருங்கிய மணிகளை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் சேர்த்துத் தடுத்தது ஆய்வகத்துக்கு வசதியான தற்செயல் மாதிரி தெரியலாம், ஆனால் அந்த விகிதம்தான் பெரியவர் பானையில் எடுத்து வைக்கப்போகும் விதையில் சோறு இருக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பானை வரைக்கும் வர இன்னும் ஒரு வாசல் இருக்கு. 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளி டிஎன்ஏ எதுவும் மிச்சமில்லாத மரபணுத் திருத்தப் பயிர்களை மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து விலக்கியது. மேலே சொன்ன மூன்று மாற்றங்களும் இருப்பதை முடக்குபவை, அந்த விலக்குக்குள் வரக்கூடியவை. பேபி பூமை முட்டையில் பேச வைக்க இதுவரை செய்திருப்பது வெளியிலிருந்து ஒரு துண்டைச் செருகுவது. அது விலக்குக்குள் வராது. செருகாமல், நெல்லின் சொந்த பேபி பூம் மரபணுவின் வாசலைத் திருத்தி முட்டையில் பேச வைக்க முடிந்தால் நிலைமை வேறு.

அதுக்கு அந்த வாசலில் என்ன பூட்டு, யார் போட்டது, தந்தையின் பிரதி மட்டும் ஏன் முதலில் திறக்கிறது என்று தெரியணும். அங்கே போய்ப் "பார்த்தீர்களா, அப்பா ஜெயித்துவிட்டார்" என்று சொல்வதால் ஒரு பூட்டும் திறக்காது. கிளாசி-3-க்குச் செய்தது போல, வாசலில் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் அதன் குறியையும் வரிசையாகப் பார்க்கும் வேலைதான் மிச்சமிருக்கு.